தட்டை எடுக்க முடியாது

எண் 22, லோரோங் 8,
கிள்ளான்.
4 மார்ச் 2024

திரு. அய்யாவு,
எண் 21, லோரோங் 7.

ஐயா,

பொருள்: பின்சந்துச் சுவரில் பறவைகளுக்குத் தீனி வைப்பது

இதற்கு முன் சங்கத்தின் சார்பில் மலாயில் அனுப்பிய இரண்டு அறிவிப்புகளும் பிரிக்கப்படாமலே என் அஞ்சல் பெட்டிக்குத் திரும்பி வந்தன. ஆகவே இம்முறை தமிழில் எழுதுகிறேன்.

உங்கள் பின்சுவரின் மேல் ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தை அடித்துப் பொருத்தி, தினமும் காலையில் சோறு, பப்பாளி, வாழைப்பழம் முதலியவற்றை வைத்து வருகிறீர்கள். மைனா, புறா, காகம் என்று கூட்டம் கூட்டமாகப் பறவைகள் வருகின்றன. எச்சம் காயப்போட்ட துணிகளிலும் கார்களிலும் விழுகிறது. என் சமையலறை உங்கள் சுவருக்கு நேர் எதிரே, பத்தடி தூரத்தில் இருக்கிறது. என் மனைவி லோகேஸ்வரி நோயாளி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். காலை இரைச்சலால் அவர் தூக்கம் கெடுகிறது.

பதினான்கு நாட்களுக்குள் தட்டை எடுத்துவிட வேண்டும். தவறினால், இருபத்து மூன்று வீட்டார் கையெழுத்துடன் புகார் நகர மன்றத்துக்குப் போகும். அவர்கள் வந்தால் தட்டை மட்டும் கழற்றிக்கொண்டு போக மாட்டார்கள். சுவரை ஒட்டி நிற்கும் ஜம்பு மரத்தையும் வெட்டிவிடுவார்கள்.

இப்படிக்கு,
வீ. சிவநேசன்
செயலாளர், குடியிருப்பாளர் சங்கம்


லோரோங் 7,
9 மார்ச் 2024

செயலாளர் அவர்களுக்கு,

அய்யாவு சொல்ல, முனைக்கடை மும்தாஜ் எழுதுவது. நான் பேச்சில் சொல்வதை அவள் எழுத்துத் தமிழில் ஆக்கிவிடுகிறாள். "கெட்ட வார்த்தை சொன்னா எழுத மாட்டேன் அங்கிள்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். அதனால் கடிதம் கொஞ்சம் சின்னதாகத்தான் இருக்கும்.

தட்டை எடுக்க முடியாது.

இதோடு முடித்திருப்பேன். காகிதத்தில் இடம் பாக்கி இருக்கிறது என்று மும்தாஜ் சொல்வதால் மேலே சொல்கிறேன்.

கூட்டம் கூட்டமாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது கூட்டம் இல்லை. ஒவ்வொன்றையும் எனக்குத் தெரியும். நான் ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம் தண்டவாளம் பார்த்தவன். கிள்ளானுக்கும் போர்ட் கிள்ளானுக்கும் நடுவே தினமும் நடந்து, எந்தக் கட்டையில் ஆணி கழன்றிருக்கிறது, எங்கே சரளை இறங்கியிருக்கிறது என்று பார்த்து வந்து, சாயங்காலம் மேஸ்திரியிடம் ஒப்பிக்க வேண்டும். மற்றவர்கள் சிட்டையில் குறித்துக்கொண்டார்கள். எனக்கு எழுத்து இல்லை. மண்டையில் குறித்துக்கொண்டேன். அதே கண்ணோடுதான் இப்போது நாற்காலி போட்டு அந்தத் தட்டைப் பார்க்கிறேன்.

ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கறுப்பு வெள்ளையாய் ஒரு மூராய்க் குருவி வரும். தின்ன மாட்டான். சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வாலைத் தூக்கிக்கொண்டு நடந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவான். அவனைச் சங்கத்துச் செயலாளர் என்றுதான் நான் கூப்பிடுகிறேன். பிறகு கொண்டைக்குருவி ஜோடி. ஒன்றுக்குத் தலை வழுக்கை. வழுக்கை தின்னும்போது மற்றது காவல் இருக்கும். பப்பாளிக்கு மட்டும் மஞ்சள் மாங்குயில் வருவாள், கண்ணில் மை தீட்டின மாதிரி ஒரு கறுப்புக் கோட்டோடு. புறாக்கள் மேலே ஏறாது, கீழே சிந்தியதைப் பொறுக்கும். மைனா ஏழு. அதுகள் ரௌடிகள், ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியாகக் காக்கா. நான்கே நான்கு. அந்த நாலும் உங்கள் சமையலறைக் கதவு சாத்தியிருந்தால்தான் இறங்கும். உங்கள் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் போதும், பறந்துவிடும். என்னைக் கண்டு பறக்காது. காஸ் தோம்பு தூக்கி வருகிறவனைக் கண்டு பறக்காது. உங்களைக் கண்டால் மட்டும் பறக்கும். ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

தெரியாத மாதிரி இருந்தால் நான் சொல்கிறேன். 2013, மே பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை. தேர்தல் முடிந்து ஒரு வாரம். கட்சிக் கொடிகளை இன்னும் அவிழ்க்கவில்லை. என் மனைவி இராஜம்மாவுக்கு முதல் வருஷப் படையல். சோறு, நெத்திலி சம்பால், அவித்த முட்டை என்று அவளுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் எடுத்துப் பின்சுவரில் வைத்தேன். காக்கா எடுத்த பிறகுதான் வீட்டில் சாப்பிட உட்கார வேண்டும். கா கா என்று கூப்பிட்டேன். வந்தன. நான் கூப்பிட்டதால் வந்தன. அப்போது சந்து முனையில் துப்பாக்கி வெடித்தது. சங்கம் வரவழைத்த சுடுகிற ஆட்கள் மூன்று பேர். பச்சை மேல்சட்டை போட்டுக்கொண்டு அவர்கள் பக்கத்தில் நின்று, "அங்க ஒண்ணு, அந்தா அங்க ஒண்ணு" என்று விரலை நீட்டிக் காட்டியவர் நீங்கள். பதினான்கு காக்கா. ஒன்று இலைமேலேயே விழுந்தது.

அன்றைக்கு என் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் இராஜம்மாவின் வெற்றிலைத் தாம்பாளத்தை எடுத்து, மழைத் தண்ணீர் வடிய நாலு ஓட்டை போட்டு, சுவரில் அடித்தேன். நான் உயிரோடு இருக்கிறவரை அது அங்கேதான் இருக்கும். அன்றையிலிருந்து உங்களோடு வாயால் பேசுவதும் இல்லை. சந்து பத்தடி. இந்தக் கடிதமோ முன்வாசல் வழியாக வரிசையைச் சுற்றி முந்நூற்றுப் பன்னிரண்டு எட்டு நடந்து உங்கள் பெட்டிக்கு வருகிறது. நான்தான் நடக்கிறேன். எனக்கு எண்பத்திரண்டு வயது. நடப்பேன்.

மரத்தை வெட்ட ஆள் வந்தால் நாற்காலியைத் தூக்கி மரத்தடியில் போடுவேன்.

அய்யாவு
(இடது கட்டை விரல் ரேகை)


லோரோங் 8,
18 மார்ச் 2024

திரு. அய்யாவு அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. குற்றச்சாட்டுகளுக்கு வரிசையாகப் பதில் சொல்வது என் கடமை.

காப்புறுதி நிறுவனத்தில் முப்பத்து மூன்று வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். எழுத்தில் இல்லாத எதையும் பேச மாட்டேன். கடந்த மாதம் என் துணிக்கொடியில் எச்சம் விழுந்த நாட்கள் பதினொன்று. தேதியும் நேரமும் குறித்த பதிவேடு என்னிடம் இருக்கிறது. பிப்ரவரி இருபதாம் தேதி மாட்டியிருந்தது ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போட வைத்திருந்த வெள்ளைச் சட்டை.

2013-ஐப் பற்றி. அப்போது இந்தச் சந்தில் ஒரே நேரத்தில் நூறு காகங்கள் இருந்தன. குப்பைப் பையைக் கிழித்து இழுத்தன. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைத் தலையில் கொத்தின. சங்கம் கூடி முடிவெடுத்து, அனுமதி வாங்கி, முறைப்படி ஆட்களை வரவழைத்தது. "மே 12, ஞாயிறு, காலை 8 முதல் 10 வரை காகம் சுடப்படும். உணவு எதையும் வெளியே வைக்க வேண்டாம்" என்று பச்சை எழுத்தில் கெட்டித் தாளில் அச்சடித்து, நாற்பத்தாறு வீட்டுப் பெட்டியிலும் நானே என் கையால் போட்டேன். உங்கள் பெட்டியிலும் போட்டேன். வந்த அறிவிப்பைப் படிக்காதது யார் குற்றம்?

கெடு இன்றோடு முடிகிறது. தலைவர் கமலநாதன் இதைப் பொதுக்கூட்டத்தில் தீர்மானமாகவே நிறைவேற்றி அனுப்பலாம் என்கிறார். கூட்டம் ஜூன் 30. அதுவரை உங்களுக்கு நேரம் இருக்கிறது.

மூராய்க் குருவியைப் பற்றிய குறிப்பு தேவையற்றது.

வீ. சிவநேசன்
செயலாளர்


லோரோங் 7,
24 மார்ச் 2024

செயலாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மும்தாஜ் இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை கேட்டபோது, "போதும்லா அங்கிள், கடைக்கு ஆள் வருது" என்றாள். ஆள் போகிறவரை அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். பிறகு படித்தாள்.

அந்த அறிவிப்பு வந்தது. உண்மை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மும்தாஜுக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் அதை எனக்குப் படித்துக் காட்டியதே அவள்தான். படித்துக் காட்டியது மே பதின்மூன்றாம் தேதி. சுட்டதற்கு மறுநாள்.

சுவரில் பாசி பிடித்திருந்தது. இலை வழுக்குமே என்று அடியில் விரிக்க ஒரு தாள் தேடினேன். பெட்டியில் கெட்டியாக ஒன்று கிடந்தது. பச்சை எழுத்தைப் பார்த்து ஏதோ கடை விளம்பரம் என்று நினைத்தேன். அதை விரித்து, அதன்மேல் இலை போட்டு, அதன்மேல் சோறு வைத்தேன். வைக்காதே என்று எழுதியிருந்த காகிதத்தின் மேலேயே வைத்துவிட்டு, வாங்க வாங்க என்று கூப்பிட்டேன். மும்தாஜ் படித்து முடித்ததும் தாளைத் திருப்பித் தரவில்லை. கல்லாவுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். 

எழுதாதீங்க இதை, வேண்டாம் அங்கிள் என்கிறாள். எழுது என்றேன். இது என் பங்கு. பதினோரு வருஷமாக என்னிடம்தான் இருக்கிறது.

இனி உங்கள் பங்கு. 2006-ல் சங்கம் தொடங்கிய அன்று பதிவேட்டில் என் கட்டை விரலைப் பிடித்து, மை தொட்டு, உருட்டி அழுத்தியது யார்? "இன்னும் கொஞ்சம் அழுத்துங்க அண்ணே, ரேகை விழல" என்று சொன்னது யார்? எனக்கு எழுத்து தெரியாது என்று இந்தத் தாமான் குடியிருப்பில் முதலில் தெரிந்துகொண்டவர் நீங்கள். தெரிந்தும் காகிதம் போட்டீர்கள். அன்று காலை உங்கள் சமையலறைக் கதவு திறந்திருந்தது. நான் இலையைக் கொண்டுவந்து வைத்ததை நீங்கள் பார்த்தீர்களா என்று எனக்குத் தெரியாது. பார்த்திருந்தால் மூன்று வார்த்தை போதும். அண்ணே, இலையை எடுங்க. அவ்வளவுதான். பத்தடிச் சந்து.

வாயால் சொல்ல வேண்டிய நாளில் காகிதம் போட்டீர்கள். அதனால் நமக்குள் காகிதம்தான்.

இன்னொன்று. காக்காவைக் குப்பைப் பறவை என்று கூட்டத்தில் பேசினீர்களாம். இந்தக் கிள்ளான் காக்காவை வெள்ளைக்காரன் சிலோனிலிருந்து கப்பலில் கொண்டுவந்தான், காப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்ன. என் அப்பா சொல்வார். என் தாத்தாவும் தோட்ட வேலைக்குத்தான் கப்பலில் வந்தார். புழு தின்கிறவரை வைத்துக்கொண்டு, தோட்டம் போனதும் சுடுவது என்றால், அடுத்து யார் பெயர் உங்கள் பதிவேட்டில் இருக்கிறது?

வெள்ளைச் சட்டைக்கு வருத்தம். எலுமிச்சம்பழம் தேய்த்தால் போகும்.

தட்டை எடுக்க முடியாது.

அய்யாவு
(இடது கட்டை விரல் ரேகை)


லோரோங் 8,
2 ஜூன் 2024

அய்யாவு அவர்களுக்கு,

இது சங்கத்துக் கடிதம் அல்ல.

மே 14-ம் தேதி லோகேஸ்வரி இறந்த அன்று நீங்கள் வந்தீர்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அவள் காலடியில் நின்றீர்கள். என்னிடம் பேசவில்லை. சுடுகாட்டுக்குப் போன பஸ்ஸில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து வந்தீர்கள். நன்றி சொல்ல வந்தபோது அங்கே இல்லை.

உங்கள் மார்ச் மாதக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

பார்த்தேன். அன்று காலை ஏழே முக்காலுக்கு நான் சமையலறை வாசலில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இலையை வைத்ததைப் பார்த்தேன். லோகேஸ்வரியும் பார்த்தாள். "இன்னைக்கு ராஜம்மா அக்காவுக்குப் படையல் போல. கூப்பிட்டுச் சொல்லுங்க" என்றாள். "நோட்டீஸ் போட்டாச்சு, படிச்சிருப்பாரு" என்றேன். "அவர் எங்க படிப்பாரு? பேப்பர் போட்டா முடிஞ்சு போச்சா உங்களுக்கு?" என்றாள். அப்போது முன்வாசலில் சுடுகிறவர்களின் வண்டி வந்து ஹாரன் அடித்தது. மேல்சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டேன். அவள் தானே கூப்பிட்டுச் சொல்லச் சுவருக்கு வந்திருக்கிறாள். அதற்குள் நீங்கள் வீட்டு ஆட்களைக் கூப்பிட உள்ளே போய்விட்டீர்கள். நீங்கள் திரும்பி வந்து காகத்தைக் கூப்பிட்ட குரல் கேட்டு அவள் மறுபடி ஓடி வருவதற்குள் முதல் குண்டு வெடித்துவிட்டது. இதை அவள் பதினோரு வருஷத்தில் எத்தனை தடவை சொன்னாள் என்ற கணக்கு என் பதிவேட்டில் இல்லை.

காலை இரைச்சலால் அவள் தூக்கம் கெட்டது என்று எழுதினேன் அல்லவா? அவள் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. அது நான் சேர்த்தது.

மே 29, பதினாறாம் நாள். அவளுக்குப் பிடித்த, அவள் இடியாப்பம் என்று சொல்லும் புட்டு மாயம், தேங்காய்ப்பூ, நாட்டுச் சர்க்கரையோடு இலை போட்டு என் சுவரில் வைத்தேன். உங்கள் தட்டில் அந்த நான்கு காகமும் இருந்தன. நான் கதவைத் திறந்தேன், பறந்துவிட்டன. கூப்பிட்டேன். ஒரு மணி நேரம் கூப்பிட்டேன். வீட்டில் முப்பது பேர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அக்கா சீதாலெட்சுமி எல்லார் முன்னாலும், "என் தங்கச்சி மனசுல என்ன குறை வச்சிருந்தீங்க மாப்பிள்ளை?" என்று கேட்டார். கடைசியில் பூனை வந்து இலையை இழுத்தது.

உங்களுக்கு முன்பே தெரியும். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவை என் முகத்தை நினைவில் வைத்திருக்கின்றன.

ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு நாள் என் இலையை உங்கள் சுவரில், உங்கள் கையால் வையுங்கள். பதிலுக்கு, இருபத்து மூன்று கையெழுத்தும் உள்ள புகாரை நான் கிழித்துவிடுகிறேன். கமலநாதனுக்கு ஏதாவது காரணம் சொல்லிக்கொள்கிறேன்.

சிவநேசன்


லோரோங் 7,
5 ஜூன் 2024

சிவநேசன் அவர்களுக்கு,

லோகேஸ்வரி நல்ல பெண். இராஜம்மா இருந்தவரை இரண்டு பேரும் அந்தச் சுவருக்கு மேலே கறிவேப்பிலையும் குழம்பும் மாற்றிக்கொண்டார்கள். ஒரு நாளும் காகிதம் போட்டதில்லை. அன்றைக்குச் சுவர்வரை வந்தாள் என்று இப்போதுதான் தெரியும். மும்தாஜ் அந்த இடத்தைப் படித்தபோது கடையை விட்டு வெளியே போய் நின்றேன்.

நீங்கள் பார்த்தேன் என்று எழுதியதையும் கேட்டேன். பார்க்கவில்லை என்று எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன், ஆனால் ஒன்றும் செய்திருக்க முடியாது. எழுதிவிட்டீர்கள். சரி. மன்னிப்பு என்று நீங்களும் எழுதவில்லை, நானும் எழுதச் சொல்லவில்லை. உங்கள் பங்கு உங்களிடம் இருக்கட்டும். என் பங்கு என்னிடம் இருக்கிற மாதிரி.

ஆனால் அந்தக் கடைசிப் பத்தி. புகாரைக் கிழிக்கிறேன், இலையை வை என்கிறீர்கள். இது என்ன, மீன் மார்க்கெட்டா? நான் காக்கா விற்பவன் இல்லை. உங்கள் புகார் உங்களிடமே இருக்கட்டும். கூட்டத்தில் வாசியுங்கள், மன்றத்துக்கு அனுப்புங்கள், மரம் வெட்ட ஆள் கூட்டி வாருங்கள். நான் நாற்காலி போட்டு உட்காருவேன். அது வேறு வழக்கு. லோகேஸ்வரியின் சோறு வேறு.

உங்கள் இலையை என் கையால் வைக்க மாட்டேன். நான் வைத்தால் காக்கா எடுக்கும். எடுத்தால் அது எனக்காக எடுத்தது. உங்களுக்கு என்ன ஆகப்போகிறது?

நீங்கள் வாருங்கள். என் பின்கதவு திறந்திருக்கும். ஆனால் ஒரு நாள் இல்லை, தினமும். ஆறு நாற்பத்தைந்துக்கு. அந்தப் பச்சை மேல்சட்டை கூடாது. உங்கள் கையால் பழம் நறுக்க வேண்டும். தட்டில் போட்டுவிட்டு ஜம்பு மரத்தடியில் நிற்க வேண்டும். மைனா சண்டை போட்டால் விரட்டக் கூடாது. எந்தப் பறவையையும் விரல் நீட்டிக் காட்டக் கூடாது. இதுதான் முக்கியம். விரலை மடக்கி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாள் ஆகும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது, பதினோரு வருஷத்தில் எத்தனை நாளோ அத்தனை நாள் ஆனாலும் ஆகும். அந்த நாலில் ஒன்றுக்கு இடது கால் கோணல். அன்றைக்கு ரவை பட்ட கால். அதை ஏமாற்ற முடியாது.

வரும்போது என்னிடம் பேச வேண்டாம். நானும் பேச மாட்டேன். ஏதாவது கேட்க வேண்டும் என்றால் எழுதிப் பெட்டியில் போடுங்கள்.

அய்யாவு
(இடது கட்டை விரல் ரேகை)


லோரோங் 8,
1 ஜூலை 2024

அய்யாவு அண்ணனுக்கு,

இன்றோடு இருபத்தாறு நாள் ஆகிவிட்டது. உங்கள் சமையலறைக் கத்தி மொட்டை. பேசக் கூடாது என்பதால் எழுதுகிறேன். நாளை என் கத்தியைக் கொண்டு வருகிறேன்.

காகம் வரவில்லை. நான் வந்து நின்றதிலிருந்து உங்களிடமும் வரவில்லை என்பதை நானும் கவனிக்கிறேன். உங்கள் நாலையும் நான் கெடுத்துவிட்டேனோ என்று எட்டாம் நாள் வராமல் இருந்துவிடப் பார்த்தேன். ஆறு ஐம்பதுக்கு நீங்கள் வேண்டுமென்றே வெறும் தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டினீர்கள். அரைக் கைலியோடு ஓடி வந்தேன்.

மற்றவர்கள் பழகிவிட்டார்கள். வழுக்கைக் கொண்டைக்குருவியின் ஜோடிதான் ஆண் என்று நினைக்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பதினேழாம் நாள் ஒரு புறா என் இடது தோளில் எச்சம் போட்டது. விரட்டவில்லை. வீட்டுக்கு வந்து பதிவேட்டில் தேதி, நேரம் எழுதினேன். புகார்தாரர் என்ற கட்டத்தில் யார் பெயரை எழுதுவது என்று தெரியாமல் வெறுமையாக விட்டேன். மூராய்க் குருவி என்னைப் போல நடப்பதாக நீங்கள் எழுதியது சரிதான். இருபது நாளாகப் பார்க்கிறேன்.

நேற்றுப் பொதுக்கூட்டம். முழுதாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது உங்கள் வழக்கு.

கமலநாதன் தீர்மானத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஒரு வரிகூட விடவில்லை. பிறகு, "எதிர்த்தரப்பில் இன்னொரு பெயர் சேர்க்க வேண்டும்" என்றேன். "யாரு?" என்றார். "லோரோங் எட்டு, இருபத்திரண்டாம் நம்பர், சிவநேசன். ஜூன் ஆறாம் தேதியிலிருந்து தினமும் தீனி வைக்கிறார்" என்றேன்.

"என்ன சார், விளையாடுறீங்களா?"

"இல்ல. பதிவேட்டில் இருக்கு. இருபத்தஞ்சு நாள்."

"அப்ப நீங்க எப்படிலா கையெழுத்துப் போட்டு அனுப்புவீங்க?"

"அதான் சொல்றேன். போட முடியாது. குற்றம் சாட்டப்பட்டவன் செயலாளரா இருக்கக் கூடாது. சட்டவிதி ஒன்பது. நான் பதவியை விட்டுடறேன். புதுச் செயலாளரைத் தேர்ந்தெடுங்க, அவர் அனுப்பட்டும்."

யார் செயலாளராக வருகிறீர்கள் என்று கமலநாதன் கேட்டார். முப்பத்தொரு பேர் இருந்தார்கள். ஒருவர் முதுகுவலி என்றார். ஒருவர் ரவாங்குக்கு வீடு மாறப்போவதாகச் சொன்னார். இரண்டு பேர் கழிப்பறைக்குப் போனார்கள், திரும்பி வரவில்லை. பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு கூட்டத்திலும் இதே கேள்வியை நான் கேட்டிருக்கிறேன், ஒரு நாளும் ஒரு கை உயர்ந்ததில்லை. நேற்றும் உயரவில்லை. புதுச் செயலாளர் கிடைக்கும்வரை அறிவிப்பு விநியோகம் போன்ற சில்லறை வேலைகளை மட்டும் நானே பார்க்க வேண்டும், புகார் நிலுவையில் இருக்கட்டும் என்று தீர்மானம். சிற்றுண்டியோடு கூட்டம் கலைந்தது.

புகாரைக் கிழிக்கவில்லை. நீங்கள் சொன்னபடி அது அப்படியே இருக்கிறது. எதிர்த்தரப்பில் இரண்டு பெயர்.

சிவநேசன்


லோரோங் 7,
14 ஜூலை 2024

சிவநேசனுக்கு,

முதலில் கத்தி. அது மொட்டை இல்லை. உங்களுக்குப் பப்பாளி நறுக்கத் தெரியவில்லை.

நேற்று நடந்ததைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நாம் இரண்டு பேரும் அங்கேதான் இருந்தோம். இருந்தாலும் எழுதச் சொன்னேன். உங்கள் பதிவேட்டில் இருக்க வேண்டும், என் பக்கத்துக் கணக்கும்.

வெள்ளிக்கிழமை என் பெட்டியில் மஞ்சள் தாள் ஒன்று கிடந்தது. நீங்கள்தான் போட்டிருப்பீர்கள். அதைத் தொடவில்லை. உறையில் வரும் உங்கள் கடிதம் தவிர, நான் பெட்டியிலிருந்து காகிதம் எடுத்த நாளெல்லாம் முடிந்துவிட்டது.

சனிக்கிழமை காலை மணி ஏழே கால். நீங்கள் பழம் வைத்துவிட்டுக் கத்தியைக் கழுவ உங்கள் வீட்டுக்குப் போயிருந்தீர்கள். மைனா ஏழும் தட்டில். மாங்குயில் பப்பாளியில் தலையை விட்டிருந்தாள். கரண்டுக் கம்பியில் கோணக்கால் வந்து உட்கார்ந்திருந்தது. முப்பத்தெட்டு நாளில் முதல் தடவை. நான் மூச்சுக்கூட விடவில்லை. அப்போது உங்கள் சமையலறைக் கதவு படாரென்று திறந்தது.

"அண்ணே! தட்டை எடுங்க!"

தாமானே கேட்டிருக்கும். சந்தின் அந்த முனையில் கொசுமருந்துப் புகை மிஷின் உறும ஆரம்பித்தது எனக்கு அதற்குப் பிறகுதான் கேட்டது. எனக்குக் கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். நாலு மாதமாக, காகிதம் காகிதமாகத் தட்டை எடு, தட்டை எடு என்று சொன்ன வாய். பிறகு புகையைப் பார்த்தேன். வெள்ளையாக, சந்து அகலத்துக்கு, சுவர் சுவராக ஏறி வந்துகொண்டிருந்தது.

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்தத் தட்டிலிருந்து தீனியை எடுத்தேன். ஆணியடித்த தாம்பாளம், கழற்ற நேரமில்லை. பழத்தையும் சோற்றையும் என் சட்டையில் வாரிக்கொண்டேன். நீங்கள் அந்தப் பக்கத்திலிருந்து ஈரத் துண்டைத் தூக்கிப் போட்டீர்கள். அதைத் தாம்பாளத்தின் மேல் போட்டு மூடினேன். பிறகு கையைத் தட்டி மைனாக்களை விரட்டினீர்கள். விரட்டக் கூடாது என்று சொல்லியிருந்தேன். இந்த ஒரு தடவை கணக்கில் சேராது.

முக்கால் மணி நேரம் கழித்து, புகை போனதும், தாம்பாளத்தைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்து, புதுச் சோறு வைத்தேன். நீங்கள் லோகேஸ்வரிக்கு என்று வாங்கி வைத்திருந்த புட்டு மாயத்தில் ஒன்றைச் சுவருக்கு மேலே நீட்டினீர்கள். "நீங்களே வைங்க" என்றேன். அது வாயால் சொன்னது. நீங்களும் கவனித்தீர்கள், நானும் கவனித்தேன், இரண்டு பேரும் காட்டிக்கொள்ளவில்லை.

முதலில் திரும்பி வந்தது கோணக்கால்தான். உங்கள் பின்கதவு திறந்திருந்தது. நீங்கள் புட்டு மாயத்தைத் தட்டில் வைத்துவிட்டுப் போய் உங்கள் வாசலில் நின்றிருந்தீர்கள், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. அது கம்பியிலிருந்து சுவருக்கு இறங்கியது. சுவரில் மூன்று தத்து தத்தியது. உங்களைப் பார்த்தது, நான் எண்ணினேன், இருபதுவரை. கொத்தவில்லை. பறந்துவிட்டது. ஆனால் நீங்கள் நிற்கும்போது இறங்கியது. அது போதும் என்று சொல்ல மாட்டேன். போதாது. நாளைக்கும் வாருங்கள்.

மும்தாஜ் கேட்கிறாள், "இதையெல்லாம் சுவத்துக்கு மேல எட்டிச் சொல்லிட்டா என்ன அங்கிள்? எனக்குக் கை வலிக்குதுலா." யோசித்துப் பார்த்தேன். கூப்பிட வேண்டிய நேரத்தில் கூப்பிட்டீர்கள். புகை வருகிறது என்று அந்த மஞ்சள் காகிதமும் போட்டு, கூப்பிட்டும் சொன்னீர்கள். இனிமேல் கத்தி பற்றி ஏதாவது குறை இருந்தால் வாயாலேயே சொல்லலாம். அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு எட்டு இன்றைக்குக் கடைசியாக நடக்கிறேன்.

லோகேஸ்வரிக்கு முதல் வருஷப் படையல் வருகிறது, அடுத்த மே மாதம். அதுவரை முந்நூறு காலை இருக்கிறது.

கமலநாதனைக் கடையில் பார்த்தேன். "என்ன பெரியவரே, செயலாளர்தான் உங்க பக்கம் வந்துட்டாரே, இப்பவாவது தட்டை எடுத்துடுவீங்களா?" என்று கேட்டார்.

நேற்று ஒரு தடவை எடுத்தேன், முக்கால் மணி நேரம், அவர் கூப்பிட்டுச் சொன்னதற்காக என்றேன். இப்போது அது அங்கேதான் இருக்கிறது.

அய்யாவு
(இடது கட்டை விரல் ரேகை. அழுத்தி வைத்தது.)